சொந்த மாவட்டத்தை வைத்தே வரலாறும் அரசியலமைப்பும் படிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி தேர்வர்களுக்கு

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளில் 60 மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் அடுத்த பகுதியைத் திருத்துவார்கள். அந்த அடுத்த பகுதியில் பொது அறிவுக்கு 75 கேள்வி, கணக்குக்கும் அறிவுக்கூர்மைக்கும் 25. பொது அறிவின் 75-ல் பாதிக்கும் மேல் இந்திய வரலாறு, அரசியலமைப்பு, தமிழ்நாட்டின் வரலாறும் பண்பாடும் ஆகிய மூன்றில் இருந்தே வருகிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இடறுவதும் இந்த மூன்றில்தான்.

இடறுவதற்குக் காரணம் படிக்காதது இல்லை. ஆண்டையும் பெயரையும் தனித்தனியாக உருப்போடுவது. 1792 என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை என்று சொல்லிவிடுவார்கள். அந்த உடன்படிக்கையால் யாருடைய ஊர் யார் கைக்குப் போனது என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். இப்போதைய வினாத்தாள் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கூற்று–காரணமாகவும், பொருத்துகவாகவும், காலவரிசையாகவும் மாற்றி மாற்றிக் கேட்கிறது. இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடப்புத்தகத்தின் பெரிய அத்தியாயங்கள் பலவற்றுக்கு இங்கேயே ஒரு மலையோ கோட்டையோ கல்லோ இருக்கிறது. அதில் முளை அடித்துக்கொண்டு பாடத்தைக் கட்டினால் அவிழாது.

முதலில் புத்தகம். பாடநூல் கழகத்தின் 6 முதல் 10 வரையிலான சமூக அறிவியல், 11, 12-ஆம் வகுப்பு வரலாறு, அரசியல் அறிவியல், பண்பாட்டுக்கு ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’. இவை போதும், எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியார் கையேடுகளைத் திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றில் தொடங்கக் கூடாது. ஆறாம் வகுப்பில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை வரிசையாகப் படிப்பதும் வீண் உழைப்பு. பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் ஆறாம் வகுப்பு மறந்திருக்கும். தலைப்பு வாரியாக எடுங்கள். நிலவருவாய் முறை என்றால் எட்டாம் வகுப்புப் பாடத்தையும் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள். எட்டாம் வகுப்பு நான்கு வரியில் சொன்னதைப் பதினொன்று காரணத்தோடு சொல்லும். கேள்வி எடுப்பது நான்கு வரியில் இருந்து, விடை புரிவது காரணத்தில் இருந்து.

இரண்டாவது, காலக்கோடு. பழைய மாத நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இடது ஓரம் 1750, வலது ஓரம் 1950. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு ஆண்டு. 1792 இருபத்தொன்றாவது சென்டிமீட்டரில் விழும், 1857 ஐம்பத்து மூன்றரையில். கோட்டுக்கு மேலே நாட்டில் நடந்தது, கீழே தருமபுரி, கிருஷ்ணகிரியில் நடந்தது. கோட்டைப் போட்டதுமே ஒன்று கண்ணில் படும்: 1885-ல் காங்கிரஸ் தொடங்கியது முதல் 1947 வரையிலான எல்லாமே கடைசி 31 சென்டிமீட்டருக்குள் நெருக்கியடிக்கும். அதற்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்து இன்னொரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அச்சடித்த காலக்கோட்டை வாங்கி ஒட்டுவதால் பயன் கிடையாது. ஸ்கேல் வைத்து அளந்து நீங்களே எழுதும்போதுதான் எது முன், எது பின் என்பது மனதில் உட்காரும்.

தகடூரில் இருந்து தொடங்குங்கள்

அசோகர் பாடத்தையும் சங்க காலப் பாடத்தையும் இருவேறு உலகமாகப் படிக்கிறோம். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் இரண்டையும் இணைக்கிறான். அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு தெற்கே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சத்யபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைச் சொல்கிறது. சத்யபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விவாதமாக இருந்தது. 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று பெயரையே கொடுத்துவிட்டது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூரை இழந்தவன் எல்லாம் இந்த ஒரே ஆள்தான். ஒரு பெயரில் மௌரியர் பாடம், சேரர் பாடம், தமிழ்ப் பகுதியின் புறநானூறு, பதிற்றுப்பத்து எல்லாம் வந்து சேர்கின்றன.

பலர் தவறும் இடமும் இங்கே உண்டு. இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்வது, பதின்மூன்றாம் கல்வெட்டு கலிங்கப் போரைச் சொல்வது. சோழரும் பாண்டியரும் இரண்டிலும் வருவார்கள். சத்யபுத்திரர் இரண்டாவதில்தான்.

நடுகல் பாடத்துக்கு இந்த மாவட்டங்களை விட நல்ல வகுப்பறை அமைவது கடினம். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு அரை நாள் போய், ஒரே ஒரு கல்லின் முன்னால் நின்று, வீரன் கையில் என்ன ஆயுதம், பக்கத்தில் மாடு இருக்கிறதா, எழுத்து வட்டெழுத்தா தமிழா, எந்த அரசனின் ஆட்சியாண்டு என்று விளக்கப் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், கரந்தை என்றால் மீட்டல் என்பது அதற்குப் பிறகு மாறிப்போகாது. தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளை (காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல்) அதே கல்லை வைத்தே வரிசைப்படுத்திச் சொல்லிப் பழகுங்கள். கல்லைத் தேர்ந்தெடுத்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துகிறார்கள். செய்கிற வேலையின் வரிசையேதான் அது.

மயிலாடும்பாறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்து இந்த ஊரில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஊர்ப் பெருமையில் பலரும் இதையே இன்னும் ‘தமிழகத்தின் மிகப் பழமையான இரும்பு’ என்று எழுதுகிறார்கள். 2025 ஜனவரியில் வெளியான ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோய்விட்டது. 2025-க்கு முன் அச்சான கையேட்டில் பழைய விடைதான் இருக்கும்.

பாரா மஹால்: நாலு போரும் ஒரு பட்டாவும்

ஆங்கிலேய–மைசூர்ப் போர்கள் எல்லோரும் வெறுக்கும் பாடம். நான்கு போர், நான்கு முடிவு, கவர்னர் ஜெனரல்கள் வேறு. ஆனால் போர் நடந்த நிலம் இதுவே. முதல் போரின் தொடக்கத்திலேயே, 1767-ல், ஹைதர் அலி ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கோட்டை காவேரிப்பட்டணம். (பூம்புகாரான காவிரிப்பூம்பட்டினத்தோடு இதைக் குழப்புகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், நமக்கு அந்தத் தொல்லை இல்லை.) அது 1769-ல் சென்னை உடன்படிக்கையில் முடிந்தது. இரண்டாவது போர் 1780–84, மங்களூர் உடன்படிக்கை. மூன்றாவது 1790–92, ஸ்ரீரங்கப்பட்டணம். நான்காவது 1799, உடன்படிக்கை கிடையாது, திப்பு 1799 மே 4 அன்று போரிலேயே இறந்தார். ‘நான்காவது மைசூர்ப் போரை முடித்து வைத்த உடன்படிக்கை எது’ என்று தேடித் தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

மூன்றாவது போரை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அதிலிருந்துதான் அடுத்த பாடமே பிறக்கிறது. ராயக்கோட்டையை ஆங்கிலேயர் 1791-ல் பிடித்தனர். 1792 உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டைக் கொடுத்தார், மூன்று கோடி முப்பது லட்ச ரூபாய் ஈடு கட்டச் சம்மதித்தார், பிணையாக இரண்டு மகன்களை அனுப்பினார். கம்பெனிக்குப் போன பகுதிகளில் மலபாரும் திண்டுக்கல்லும் உண்டு, பாரா மஹாலும் உண்டு. பாரா மஹால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். புதிதாகக் கிடைத்த நிலத்தில் வரி வசூலிக்க வேண்டுமே, யாரிடம் வசூலிப்பது? அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட், உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளைத்தது. 1820-ல் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானதும் அது மாகாணத்துக்கே பரவியது.

இப்போது கேள்வியைப் பாருங்கள். ‘ரயத்துவாரி முறை அறிமுகமான ஆண்டு 1820, அறிமுகப்படுத்தியவர் மன்றோ’ என்று ஒரு கூற்று. ‘முதன்முதலில் பாரா மஹாலில் ரீட் தொடங்கினார்’ என்று இன்னொரு கூற்று. இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தால் போயிற்று. ஒன்று தொடக்கம், மற்றொன்று விரிவு. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ்தான் 1792-ல் திப்புவோடு கையெழுத்திட்டார், அடுத்த ஆண்டே வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஜமீன்தார், இங்கே ரயத்து. வீட்டில் இருக்கும் பட்டாவை எடுத்துப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்பதே ரயத்துவாரிக்கும் ஜமீன்தாரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

தொரப்பள்ளியும் பாப்பாரப்பட்டியும்

தேசிய இயக்கத்துக்கு இரண்டு ஆட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ராஜாஜியின் வாழ்க்கையை ஒரு முழுப் பக்கத்தில் எழுதினால், அது 1920 முதல் 1959 வரையிலான தமிழக அரசியலின் சுருக்கம் ஆகிவிடும். 1930-ல் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு நடை. 1937–39 மாகாண அமைச்சரவை. 1944-ல் சி.ஆர். திட்டம். 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல். 1952–54 முதலமைச்சர். 1954-ல் பாரத ரத்னா. 1959-ல் சுதந்திரா கட்சி.

இதிலும் காரணச் சங்கிலியே முக்கியம். 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள் இருந்தன. கள்ளுக்கடை வருமானம் நின்றதும் அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு, விற்பனை வரி இரண்டையும் கூற்றும் காரணமுமாகக் கொடுத்தால் இனிக் குழப்பம் இருக்காது. சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன், அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியரும் கடைசி ஆளும் ராஜாஜி. ‘முதல்’, ‘முதல் இந்தியர்’, ‘கடைசி’ என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடிட்டுப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து தவறவிடுகிறார்கள்.

சுப்பிரமணிய சிவா பிறந்தது வத்தலகுண்டு, 1884. மறைந்தது பாப்பாரப்பட்டி, 1925 ஜூலை 23. வ.உ.சி.யோடு 1908-ல் கைதானவர், சிறையில் தொழுநோய் பற்றியது, ரயிலில் ஏறத் தடை வந்ததால் நடந்தே ஊர் ஊராகப் போனார். பாப்பாரப்பட்டியில் அவர் நினைத்த பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் அடிக்கல் வைத்தவர் சித்தரஞ்சன் தாஸ். அதே 1923-ல்தான் தாஸும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார்கள். பிறந்த ஊரையும் நினைவிடம் உள்ள ஊரையும் மாற்றிப் போட்டுப் பொருத்துக கேட்பது வழக்கம்.

அரசியலமைப்பு: எண்களைக் கூட்டமாகப் பிடியுங்கள்

சட்டப் பிரிவுகளை 1 முதல் 395 வரை ஓதுவது யாருக்கும் ஆகாத வேலை. கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: குடியுரிமை 5–11, அடிப்படை உரிமைகள் 12–35, வழிகாட்டு நெறிகள் 36–51, அடிப்படைக் கடமைகள் 51ஏ, ஊராட்சிகள் 243 முதல் 243ஓ வரை. எல்லை தெரிந்தால் நான்கு தெரிவுகளில் இரண்டு தானாகக் கழியும். ‘சமவேலைக்குச் சம ஊதியம்’ வழிகாட்டு நெறி என்று தெரிந்தால் 36-க்குக் கீழே உள்ள எண்ணைப் பார்க்கவே வேண்டாம், விடை 39.

குடியுரிமையில் இருந்து ஆண்டுதோறும் ஏதாவது வரும், படிக்கவும் சிறியது. 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை பெற ஐந்து வழி: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைப்பு. இழக்க மூன்று வழி: தானே துறத்தல், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் முடிவுறுதல், அரசு பறித்தல். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கேள்வி வரும். முன்னது தானாக நடப்பது, பின்னது மோசடி போன்ற காரணத்துக்காக அரசு செய்வது.

திருத்தங்களை மாற்றத்தோடு சேர்த்து எழுதுங்கள். 42-வது திருத்தம், 1976: பத்துக் கடமைகள் சேர்ந்தன. 44-வது, 1978: சொத்துரிமை அடிப்படை உரிமையில் இருந்து இறங்கி 300ஏ ஆனது. 86-வது, 2002: 21ஏ-யும் பதினோராவது கடமையும் ஒன்றாக வந்தன, ஏனென்றால் படிக்க வைப்பது அரசின் கடமை என்றால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை.

உள்ளாட்சிக்கு ஒரு நாள் கிராம சபையில் உட்கார்ந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர், வார்டு உறுப்பினர் மட்டும் அல்ல. போகும்போது கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு எதிரெதிரே எழுதுங்கள்: கூட்டம் நடப்பது 243ஏ-ன் கீழ், ஊராட்சிக்கு ஒப்படைக்கத் தக்க 29 பொருள்கள் பதினோராவது அட்டவணையில், தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் 243கே, பணப் பங்கீடு மாநில நிதி ஆணையம் 243ஐ. இத்தனைக்கும் மூலம் 73-வது திருத்தம், நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. ஓசூர்க்காரர்கள் மாநகராட்சியில் இருப்பதால் 74-வது திருத்தத்தையும் பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பொருள்களையும் தங்கள் முளையாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டமன்றம், நாடாளுமன்ற எண்ணிக்கைக்கு ஊரையே கூட்டிப் பாருங்கள். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என ஐந்து தொகுதி. மக்களவைத் தொகுதிக்கு ஆறு வேண்டும், ஆறாவதாகச் சேலம் மாவட்டத்து மேட்டூர் சேர்கிறது. கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என ஆறும் உள்ளேயே அமைகின்றன. 39 மக்களவைத் தொகுதியை ஆறால் பெருக்கினால் 234.

நீதிமன்ற அடுக்குக்கு அரூர் வட்டம் வாச்சாத்தி வழக்கைப் படியுங்கள். 1992-ல் பழங்குடி மக்கள் மீது அரசு அதிகாரிகள் நடத்திய கொடுமை, சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது உயர் நீதிமன்றம், 2011-ல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விசாரணை நீதிமன்றம் எது, மேல்முறையீடு எங்கே, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் யாருக்கு என்பதெல்லாம் பாடப்புத்தகப் படத்தைவிட இதில் தெளிவாகும்.

பண்பாட்டுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். தெருக்கூத்து, ஆடிப்பெருக்கு, எருது விடும் விழா எல்லாம் தெரிந்தவை என்பதால் கேள்வி எளிது என்று எண்ணுவது மட்டும் ஆபத்து. கேட்பது கரகாட்டத்துக்கும் காவடியாட்டத்துக்கும் உரிய இசைக்கருவி, நடனத்துக்கு உரிய மாநிலம் போன்றவற்றை. இரண்டு பக்க அட்டவணை போதும்.

பழைய விடைகளைக் களையுங்கள்

அண்ணன், அக்கா படித்த கையேட்டை வாங்கிப் படிப்பவர்கள் முதல் வேலையாகச் சிவப்பு மையில் இவற்றைத் திருத்திவிடுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, 2024 ஜூலை 1 முதல். மாநிலம் 28, யூனியன் பிரதேசம் 8. தமிழ்நாட்டு மாவட்டம் 38. செம்மொழிகள் 2024 அக்டோபரில் பதினொன்றாயின. 2004-ல் முதலாவதாக அறிவிக்கப்பட்டது தமிழ். மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு சட்டமன்ற, மக்களவை இட ஒதுக்கீடு 106-வது திருத்தம், 2023. உள்ளாட்சியில் தமிழ்நாட்டில் பெண்களுக்கு 50 விழுக்காடு, இரண்டும் வேறு வேறு.

சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் உட்கார முடியாது, தேவையும் இல்லை. எழுந்ததும் 45 நிமிடம் புதுப் பாடம், கம்பெனி பஸ்ஸில் முந்தைய நாள் பக்கத்தை மனதுக்குள் ஓட்டுவது, படுக்கும் முன் 20 கேள்வி. படித்ததை மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என மூன்று முறை திருப்புங்கள். திருப்புதல் என்றால் மறுபடி வாசிப்பது இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் எழுதி, விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்ப்பது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் உண்டு. வகுப்புக்குப் போக முடியாவிட்டாலும் மாதிரித் தேர்வை விடாதீர்கள்.

பழைய வினாத்தாளைச் செய்யும்போது மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள்: படிக்கவே இல்லை என்றால் ‘ப’, படித்தும் மறந்தால் ‘ம’, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்றால் ‘வா’. ‘வா’ அதிகமானால் இன்னும் பாடம் படிப்பதால் பயன் இல்லை. ‘தவறானது எது’, ‘பொருந்தாதது எது’ என்பதை வட்டமிட்டு வாசிக்கப் பழக வேண்டும். பொது அறிவுக் கேள்விகள் இரு மொழியிலும் அச்சாகும். தமிழ்ச் சொற்றொடர் குழப்பினால் ஆங்கிலத்தில் உள்ள பெயரையும் எண்ணையும் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

விடைத்தாளில் ஏ, பி, சி, டி தவிர ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு இ என்ற வட்டம் இருக்கும். எந்தக் கேள்விக்கும் ஐந்தையும் வெறுமையாக விடக் கூடாது, விட்டால் மதிப்பெண் குறையும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் இ-யை நிரப்புவதைவிட, கழிக்க முடிந்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றை நிரப்புவதே கணக்குக்கு உகந்தது. கருப்பு மைப் பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் புதுக் கேள்வி எதையும் தொடாமல் வட்டங்களை மட்டும் சரிபாருங்கள்.